மூவராய் நிலைப்பது
நாஞ்சில் நாட்டு இசைத்தடங்கள் – 12

தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் இழைத்த ஒரு வயலினைப் பரிசளித்தார். சென்ற வாரம் அதோடு நிறுத்தியிருந்தேன். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் பகுதி. ஆகவே திருவனந்தபுரத்து அரண்மனையில் ஒலித்த வயலின் நம்முடைய வரலாறும்தான். அந்தக் கருவிக்கு இன்று நம் மாவட்டத்தில் இரண்டு வாழ்க்கை இருக்கிறது. ஒன்று, சம்மணமிட்டு அமர்ந்து நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் இடையில் தாங்கி வாசிக்கும் கர்நாடக வாழ்க்கை. இன்னொன்று, நின்றுகொண்டு தாடைக்கடியில் இடுக்கி, தாளைப் பார்த்து வாசிக்கும் தேவாலய வாழ்க்கை. நாகர்கோவில் ஹோம் சர்ச் 1819இல் தொடங்கிய காலத்திலிருந்து பார்த்தால், மேற்கத்திய இசை இந்த ஊருக்கு வந்து இருநூறு ஆண்டுகளாகிவிட்டன. நான்கு குரலில் பாடும் பாடகர் குழுக்களும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளும் நமக்குப் புதியவர்கள் அல்ல. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடுத் தேர்வுகளை ஒன்றொன்றாக ஏறி எட்டாவது கிரேடு வரை போன பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

எட்டாவது கிரேடுக்குப் பிறகு என்ன? பெரும்பாலும் நீட் தேர்வு, அல்லது பொறியியல். வயலின் பெட்டி அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடுகிறது. பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பத்து வருடம் தனியாகவே வாசித்தது, தனியாகவே தேர்வு எழுதியது, தனியாகவே சான்றிதழ் வாங்கியது. இசையில் கூட்டாளி என்று ஒருவர்கூட அமையவில்லை. கூட்டாளி இல்லாத இசை சீக்கிரம் அலுத்துப்போகும். அதனால்தான் இந்த வாரம் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு வடிவத்தைப் பற்றி எழுதுகிறேன். பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பியானோ டிரையோ என்று பெயர். அதில் வயலின் ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறது, பியானோவின் இடத்தில் கீபோர்டாவது இருக்கிறது.

நூறு பேர் உட்கார்ந்து ஒரு கையசைப்புக்குக் கட்டுப்பட்டு வாசிப்பது சிம்பொனி. மூன்று நான்கு பேர் நடத்துநர் இல்லாமல், ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டு வாசிப்பது சேம்பர் மியூசிக் எனப்படும் அறையிசை. ஹைடன் காலத்துப் பியானோ டிரையோக்களில் செல்லோவுக்குத் தனி வாழ்வு குறைவு. பெரும்பாலும் அது பியானோவின் இடது கையைப் பின்தொடர்ந்து அதையே கனமாக்கும். 1795இல் பெத்தோவன் தன் முதல் படைப்பு என்று எண்ணிட்டு மூன்று டிரையோக்களை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. நூறுக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே சந்தா கட்டி அந்த இசைத்தாள்களை வாங்கினார்கள். அவற்றில் செல்லோ வாய் திறந்து பேசத் தொடங்குகிறது. மூன்றாவது டிரையோவை வெளியிட வேண்டாம் என்று ஆசிரியர் ஹைடனே சொன்னதாகப் பெத்தோவனின் மாணவர் ரீஸ் எழுதிவைத்திருக்கிறார். வியன்னாவுக்கு வந்த ஓர் இளைஞன் தன் பெயரை நிலைநாட்டத் தேர்ந்தெடுத்தது சிம்பொனியை அல்ல, மூவர் வாசிக்கும் இந்த வடிவத்தை. அதற்குப் பிறகு ஷூபர்ட், துவோர்ஷாக், சைக்கோவ்ஸ்கி என்று வந்து, முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் ரவேலும், 1944இல் இறந்துபோன நண்பருக்காக ஷோஸ்டகோவிச்சும் இதற்கு எழுதினார்கள்.

இந்த வடிவத்தின் உள்ளே ஒரு தீராத சிக்கல் இருக்கிறது. நம் காதுகளுக்கு அது உடனே புரியும். பியானோவில் ஸ்வரங்கள் பன்னிரண்டு சம பாகங்களாகக் கட்டப்பட்டவை. அதன் அந்தர காந்தாரம், தம்பூராவில் தானாக எழும் காந்தாரத்தைவிடச் சற்றே உயர்ந்திருக்கும். வயலினும் செல்லோவும் தங்களுக்குள் மட்டும் பேசும்போது சுத்தமான காந்தாரத்தைத் தேடிப் போகும். பியானோ உள்ளே வந்ததும் விரலை இம்மியளவு நகர்த்தி அதன் சுருதிக்கு இணங்க வேண்டும். பியானோ ஓய்ந்ததும் மறுபடி பழைய இடம். இதைத் தாளில் யாரும் எழுதித் தருவதில்லை. ஒத்திகையில் மணிக்கணக்காக ஒரே ஒரு இணைஸ்வரத்தை இழுத்து இழுத்துக் கேட்டுத்தான் பழக முடியும். தம்பூராவோ சுருதிப்பெட்டியோ ஒலிக்கும் வீட்டில் வளர்ந்த ஒரு குழந்தைக்கு இந்த வேலையில் ஒரு முன்தொடக்கம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

மூவர் சமமாக அமரும் மேடை தமிழருக்குப் புதிதல்ல என்றாலும், அரிது. நம் கச்சேரி முறையில் நடுவில் முதன்மைக் கலைஞர், பக்கத்தில் பக்கவாத்தியம். 1966இல் லால்குடி ஜெயராமன் அந்த அமைப்பைக் கொஞ்சம் கலைத்தார். அவருடைய வயலின், என். ரமணியின் புல்லாங்குழல், ஆர். வெங்கட்ராமனின் வீணை மூன்றையும் ஒரே வரிசையில் அமர்த்தினார். குழலின் சுருதி அதன் நீளத்தோடு முடிந்துபோன ஒன்று, மேடையில் மாற்ற முடியாது. நரம்புக் கருவிகள் இரண்டும் இறங்கி வர வேண்டும். வீணையின் மீட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், வில் போடும் வயலினோ நினைத்த மட்டும் நீளும். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுக்கும் இடங்களை முன்பே யோசித்துக் கட்டியாக வேண்டும்.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது லட்சுமிநாராயணா சகோதரர்களின் கதை. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்தவர். மனைவி சீதாலட்சுமி பாட்டும் வீணையும் அறிந்தவர். 1958 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. மகன்களில் மூத்தவர் எல். வைத்தியநாதன், அடுத்து 1947இல் பிறந்த எல். சுப்ரமணியம், இளையவர் 1950இல் பிறந்த எல். சங்கர். மூவரும் சேர்ந்து ஒரு வயலின் மூவராக மேடை ஏறினார்கள். வயலின் என்றாலே பாட்டுக்குத் துணை என்று இருந்த காலத்தில், மூன்று வயலின் மட்டுமே ஒரு கச்சேரியைச் சுமக்கும் என்று அந்த இளைஞர்கள் காட்டினார்கள். வயலினை உலகம் அறிந்த தனிக் கருவியாக்க வேண்டும் என்பது தந்தையின் கனவு.

கனவு பலித்தது. ஆனால் மூவராகப் பலிக்கவில்லை. சங்கர் 1969இல் அமெரிக்கா போனார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் சேர்ந்து புகழ்பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்த சுப்ரமணியம், கலிபோர்னியாவில் மேற்கத்திய இசை படித்தார். 1985இல் சூபின் மேத்தா நடத்த நியூயார்க் ஃபில்ஹார்மானிக் அவருடைய படைப்பை வாசித்தது. வைத்தியநாதன் சென்னையிலேயே தங்கி ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கும் ‘மால்குடி டேஸ்’ தொடருக்கும் இசை தந்தார், 2007இல் மறைந்தார். மூவருமே பெரிய கலைஞர்கள். அந்த மூவர் குழு மட்டும் முப்பது நாற்பது வருடம் தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அப்படித் தொடர்வதற்கான பாதையே அன்று இங்கே இல்லை என்பது என் எண்ணம். சபாக்கள் தனிக் கலைஞரின் பெயரைக் கொண்டுதான் டிக்கெட் விற்றன. குழுவைக் குழுவாகவே வளர்க்கிற போட்டியோ, பயிற்சிக்கூடமோ, பயண ஏற்பாடோ கிடையாது.

அந்தப் பாதை மேற்கில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பியூ ஆர்ட்ஸ் டிரையோ முதன்முதலில் மேடையேறியது 1955 ஜூலையில், அமெரிக்காவின் டேங்கிள்வுட் விழாவில். பியானோவில் மெனஹெம் பிரெஸ்லர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து பதின்பருவத்தில் தப்பியவர். வயலினில் டேனியல் கிலே, செல்லோவில் பெர்னார்ட் கிரீன்ஹவுஸ். குழு 2008 வரை நீடித்தது. இடையில் ஐந்து வயலின் கலைஞர்களும் மூன்று செல்லோ கலைஞர்களும் வந்து போனார்கள். பியானோவில் மட்டும் கடைசிவரை பிரெஸ்லரே. ஐம்பத்து மூன்று வருடம்! ஆள் மாறினாலும் குழுவின் குரல் மாறாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தன் வாழ்நாளையே கொடுத்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

பிரெஸ்லரிடம் பாடம் கேட்டவர்களில் பாரிஸ் இசைக்கல்லூரி மாணவர்கள் மூவர் 1987இல் தொடங்கிய டிரையோ வாண்டரரும் ஒன்று. அடுத்த ஆண்டே மியூனிக் நகரின் ஏ.ஆர்.டி. போட்டியில் வென்றார்கள். கொரியச் சகோதரிகள் இருவரும், அவர்களில் ஒருவரை மணந்த டென்மார்க் பியானோ கலைஞரும் சேர்ந்து 1999இல் வியன்னாவில் அமைத்தது டிரையோ கான் பிரியோ கோபன்ஹேகன். அவர்களும் 2002இல் அதே போட்டியில் பரிசு பெற்றவர்கள். ஓர் இளம் டிரையோவின் வழக்கமான தொடக்கம் இதுதான். கல்லூரியில் சந்திப்பு, இரண்டு மூன்று வருடம் தினசரி ஒத்திகை, மூத்த குழுவிடம் பயிற்சி, பிறகு மியூனிக், மெல்பர்ன் மாதிரி ஊர்களில் போட்டி. பரிசைவிட முக்கியம் பரிசோடு வரும் கச்சேரி வாய்ப்புகள். லண்டன் விக்மோர் ஹால் 1901இல் திறந்தது, சுமார் ஐந்நூற்றைம்பது இருக்கைதான். ஆனால் அந்தச் சின்ன மேடையில் ஒரு நல்ல மாலை அமைந்தால் பத்து நாடுகளின் கதவு திறக்கும்.

திறந்தாலும் வாழ்க்கை எளிதல்ல. தனிக் கலைஞருக்கு வரும் ஊதியம் இங்கே மூன்றாகப் பிரியும். செல்லோவை விமானத்தில் சரக்காகப் போட மனம் வராது, அதற்கும் ஓர் இருக்கைக்குச் சீட்டு எடுப்பார்கள். பியானோ கலைஞரோ தன் கருவியைக் கொண்டுபோகவே முடியாது. ஒவ்வொரு ஊரிலும் அங்கே இருக்கும் பியானோவின் குணத்தை இரண்டு மணி நேரத்தில் படித்தாக வேண்டும். மூவரில் ஒருவருக்குத் தனி வாய்ப்பு வரும்போது மற்ற இருவரும் காத்திருக்க வேண்டும். பல குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

கேட்பவர்கள் பக்கத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி புறப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒன்பது மாலையும் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாள் கீர்த்தனையும் ராகமும் முன்பே வகுக்கப்பட்டவை. கைதட்டல் கிடையாது. பாட்டு சரஸ்வதிக்கு, மற்றவர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்க வந்தவர்கள். அறையிசைக்கு வேண்டிய கேட்கும் ஒழுக்கம் இதற்கு மேல் என்ன இருக்கிறது? நெடுங்காலம் பெண்கள் பாட இடமில்லாதிருந்த அந்த மண்டபத்தில் 2006இல் முதன்முதலாகப் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை நம் எல்லையை ஒட்டிய ஊர். தெய்வத்தையே இங்கிருந்து அனுப்பிவைக்கிற நாம், அந்த மாதிரி ஒரு சிறு கூடத்தை நாகர்கோவிலில் வைத்துக்கொள்ளவில்லையே என்பது என் ஆதங்கம்.

ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் பழக்கமும் இந்த மண்ணில் இருக்கிறது. வில்லுப்பாட்டில் வில்லடிப்பவர் வேகம் கூட்டும்போது குடமும் உடுக்கும் யாரும் சொல்லாமலே கூடவே ஏறுவதைக் கொடை விழாக்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனின் கலைக்குப் பின்னால் இருந்ததும் அந்த வில்லுப்பாட்டுப் பயிற்சிதான்.

இல்லாதவை எவை என்று சொன்னால் வேலை தெளிவாகும். முதலில் செல்லோ. சென்னைத் திரையிசைக் கூடங்கள் பல செல்லோக் கலைஞர்களுக்குச் சோறு போட்டன. அவர்களில் ஒருவர் மாதம் இரண்டு நாள் நாகர்கோவிலுக்கு வந்து கற்பித்தால் போதும், சிறுவருக்கான சிறிய அளவுச் செல்லோக்கள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டாவது, உண்மையான பியானோ. சாதாரணக் கீபோர்டின் ஒலி அளவைப் பொத்தான் தீர்மானிக்கும், பியானோவின் ஒலியை விரலின் எடை தீர்மானிக்கும். டிரையோவுக்கு அந்த எடை வேண்டும். கடல் காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள நம் மாவட்டத்தில் பியானோவின் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள் துருப்பிடிக்கும், மரம் உப்பும். வீடுதோறும் வாங்குவது வீண். ஒரு தேவாலயமோ ஒரு கல்லூரியோ ஒரே ஒரு பியானோவை ஈரம் புகாத அறையில் வைத்துப் பராமரித்து, வாரத்தில் இரு மாலை பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். மூன்றாவது, கூட்டாக வாசிப்பதைப் பாடமாகவே நினைக்கும் ஆசிரியர். கிரேடுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐந்தாவது கிரேடு தாண்டிய பிள்ளைகளை இரண்டு பேராக, மூன்று பேராக உட்காரவையுங்கள். தேர்வுக்குப் பிறகு என்று தள்ள வேண்டாம்.

எந்தத் துண்டிலிருந்து தொடங்குவது? ரவேல் வேண்டாம், அது மலை. 1812இல் பெத்தோவன் தனக்குத் தெரிந்த குடும்பத்து ஒன்பது வயதுச் சிறுமி மாக்ஸிமிலியானே பிரெண்டானோவுக்காக, பியானோ வாசிப்பில் அவளுக்கு ஊக்கம் தர, ஒரே பகுதியில் முடியும் ஒரு சின்ன டிரையோ எழுதிக் கொடுத்தார். பி பிளாட் மேஜர், அலெக்ரெட்டோ, ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பதிப்புரிமைக் காலம் என்றோ கழிந்துவிட்டதால் இசைத்தாள் இலவசமாகவே கிடைக்கும். செல்லோ வரும் வரை அதன் பகுதியை இன்னொரு பிள்ளை கீபோர்டில் வாசிக்கட்டும்.

(தொடரும்)