பல்கலைக்கழகமும் பசுமைக் கணக்கும்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நூல்நிலையமும் ஆய்வுக்கூடமும் விரிவுரை மண்டபமுமே ஆகும். ஆயினும், அஃது ஒரு சிறு நகரமும் ஆகும். பல்லாயிரவர் அங்கே உண்கின்றனர், உறங்குகின்றனர், நீராடுகின்றனர். இரவு நெடுநேரம் விளக்குகள் எரிகின்றன. நாள்தோறும் வண்டிகள் உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. குப்பையை ஏற்றிச் செல்கின்றன. ஒரு நகரத்தால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்னென்ன கேடு நேருமோ, அவையெல்லாம் பல்கலைக்கழகத்தாலும் நேரக்கூடும். இவ்வுண்மையை அமெரிக்க நாட்டு மாணாக்கர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதையும், உணர்ந்தபின் என்ன செய்தனர் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

1969ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா பார்பரா நகரை அடுத்த கடலில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்தது. எண்ணெய் பரவிக் கடற்கரை கறுத்தது. ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் மடிந்தன. இக்கேட்டைக் கண்டு வருந்தியவருள் ஒருவர் செனட்டர் கேலார்டு நெல்சன் என்பவர். அக்காலத்தில் மாணாக்கர் வியட்நாம் போரைப் பற்றித் தம் கல்லூரிகளில் கருத்தரங்குகள் நடத்திவந்தனர். அவற்றைப் போலவே, இயற்கைக்கு நேரும் கேட்டைப் பற்றியும் நாடெங்கும் ஒரே நாளில் கருத்தரங்குகள் நடத்தலாம் என்று அவர் கருதினார். மாணாக்கர் பெருந்திரளாகக் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, வசந்த விடுமுறைக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் இடைப்பட்ட நாளொன்று தெரிந்தெடுக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாளாகிய அதுவே முதற் புவி நாள். அன்று ஏறத்தாழ 2 கோடி மக்கள் அதில் பங்குகொண்டனர் என்பர்.

அதற்கு முந்திய மார்ச்சுத் திங்களிலேயே மிச்சிகன் பல்கலைக்கழக மாணாக்கர் இத்தகைய கருத்தரங்கு ஒன்றை நடத்தினர். அங்கே அவர்கள் புதுமையான வழக்கு ஒன்றை அரங்கேற்றினர். கார் ஒன்றைக் குற்றவாளியாக நிறுத்தினர். காற்றை நஞ்சாக்கியது என்று அதன்மேல் குற்றம் சாட்டினர். விசாரணை முடிந்ததும் சம்மட்டியால் அதனை அடித்து நொறுக்கினர். மக்களின் கருத்தை ஈர்ப்பதற்கு இத்தகைய நிகழ்ச்சிகள் உதவின. மக்களிடையே எழுந்த இவ்வெழுச்சியின் பயனாக, அவ்வாண்டு இறுதியிலேயே சுற்றுச்சூழலைக் காப்பதற்கென அமெரிக்க அரசு தனித் துறை ஒன்றை நிறுவியது.

காரைக் குற்றவாளியாக்குதல் எளிது; அதில் ஏறிச் செல்வோர் யார் என்று வினவுதல் கடினம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் பழமொழி. ஆற்றைக் கெடுக்கும் ஆலையைப் பற்றி வகுப்பில் படிக்கும் மாணாக்கன், தன் விடுதிக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்பதை அறியாதிருத்தல் கூடும். இக்குறையைப் போக்க முயன்றனர், லாசு ஏஞ்செல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மாணாக்கர் சிலர். 1989ஆம் ஆண்டில் அவர்கள் தம் பல்கலைக்கழகத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டனர். நீர், ஆற்றல், குப்பை, தீங்கு தரும் கழிவு ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். பிற கல்லூரி மாணாக்கரும் இவ்வாறு ஆராய்வதற்கு வழிகாட்டும் நூல் ஒன்று 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கணக்கெடுப்பதால் விளையும் நன்மை யாது? ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். விடுதியில் ஒரு குழாய் ஒழுகுகிறது. பத்து நிமிடத்திற்கு 200 மில்லிலிட்டர் நீர் வீணாகிறது என்று கொள்வோம். பார்ப்பவர்க்கு இது சிறிதாகவே தோன்றும். ஆனால், ஒரு நாளைக்கு அது 28.8 லிட்டர், ஓர் ஆண்டிற்கு 10,500 லிட்டருக்கும் மிகுதி. 'நீரை வீணாக்காதீர்' என்ற அறிவுரையைக் கேட்டு அசையாத அலுவலரும், இக்கணக்கைக் கண்டால் குழாயைப் பழுதுபார்க்க ஆள் அனுப்புவார். கணக்கு, குறையை அறிவிப்பதோடு நில்லாது, அதனைத் தீர்க்கும் இடத்தையும் காட்டிவிடுகிறது.

உணவுக் கூடத்திலும் இத்தகைய ஆராய்ச்சி பயன் தந்தது. அந்நாட்டுக் கல்லூரிகளில், உண்போர் தாமே பெரிய தாம்பாளத்தில் பல கிண்ணங்களை அடுக்கி எடுத்துச் செல்வது வழக்கம். தாம்பாளத்தில் இடம் இருப்பதால், பசிக்கு வேண்டியதினும் மிகுதியாக எடுத்தனர். மிஞ்சியதைக் குப்பையில் கொட்டினர். பல கல்லூரிகளில் தாம்பாளத்தை நீக்கினர். கையால் ஏந்தக்கூடிய அளவே எடுத்ததால் உணவு வீணாவது குறைந்தது; தாம்பாளங்களைக் கழுவும் நீரும் மிஞ்சியது. எவரையும் கடிந்துரைக்காமலே பழக்கம் மாறியது.

ஆண்டிறுதியில் விடுதியை விட்டுச் செல்வோர் நாற்காலி, விளக்கு முதலிய நல்ல பொருள்களையும் எறிந்துவிட்டுப் போவதுண்டு. 2011ஆம் ஆண்டில் நியூ ஆம்ப்சயர் பல்கலைக்கழக மாணாக்கர் அவற்றைத் திரட்டிக் காத்து, புதிதாக வருவோர்க்குக் குறைந்த விலைக்கு விற்றனர். ஒருவர் எறிந்தது மற்றொருவர்க்கு உடைமையாயிற்று. குப்பை மேடும் குறைந்தது.

இப்பணிக்குப் பெரியதோர் இடையூறு உண்டு. மாணாக்கர் நான்காண்டுகள் பயின்று நீங்கிவிடுவர். அவர்களோடு ஆர்வமும் அனுபவமும் நீங்கிவிடும். ஆதலின், பணியை நிலைபெறச் செய்யும் வழிகளையும் அவர்கள் தேடினர். 1970ஆம் ஆண்டில் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் மாணாக்கர் தோற்றுவித்த சூழல் நடுவம், அரை நூற்றாண்டு கடந்தும் இயங்கி வருகிறது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 2007ஆம் ஆண்டு மாணாக்கர் தமக்குள் வாக்கெடுத்து, ஒவ்வொரு பருவத்திற்கும் தலைக்கு 5 டாலர் செலுத்த இசைந்தனர். அத்தொகை வளாகத்தின் பசுமைப் பணிகளுக்குச் செலவாயிற்று. பிறர் செலவில் அறம் செய்ய விரும்பாமல், தம் கைப்பொருளைத் தாமே ஈய முன்வந்தமை பாராட்டத்தக்கது.

ஒரு கல்லூரி திருந்தியதனால் உலகத்தின் காற்று முழுவதும் தூய்மையாகிவிடாது. ஆயினும், அங்கே கணக்கெடுக்கக் கற்றவர், பின்னர் ஆலையிலும் அலுவலகத்திலும் ஊராட்சியிலும் பணியேற்கும்போது, அக்கண்ணோடேயே அவற்றை நோக்குவர். நீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது என்னும் இரு வினாக்களையும் பள்ளிச் சிறுவரும் கேட்கலாம். விடை தேடிப் புறப்படுவோர்க்கு முதலில் வேண்டுவன ஒரு குறிப்பேடும் பொறுமையுமே ஆகும்.