கணினியில் வைஃபை வரவில்லையா? புதுசு வாங்குவதற்கு முன் அடாப்டர் பற்றித் தெரிஞ்சுக்கோங்க

ஜோகூர் பாருவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கூலாய், ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குப் பேர் போன ஊர். இப்போது அந்த ஊரின் பெயர் வேறு ஒரு காரணத்துக்காக உலகச் செய்திகளில் அடிபடுகிறது.

ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா கூலாயில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் என்விடியா நிறுவனத்துடன் சேர்ந்து, சுமார் 430 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் செயற்கை நுண்ணறிவுக்கான கட்டமைப்பை உருவாக்கப் போவதாக 2023 டிசம்பரில் ஒய்டிஎல் அறிவித்தது.

ஆனால் ஒரு தாமான் வீட்டில், முன் ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து பின் அறையில் இருக்கும் கணினிக்கு இணையம் போய்ச் சேர்வது இன்னமும் ஒரு தலைவலிதான். "போன்ல லைன் நல்லா வருது. கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் வரல?" என்ற கேள்வி கூலாயில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் கேட்பதுதான்.

இதற்குப் பல நேரங்களில் புதுக் கணினி தேவையில்லை. வைஃபை அடாப்டர் என்ற சின்னப் பொருளே போதும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது?

இது ஏன் முக்கியம்?

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் வீட்டுக்கு வந்தன. அந்தச் சமயத்தில் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று தெரிய வந்தது.

கட்டுப்பாடுகள் போய்விட்டன. ஆனால் இணையத்தின் தேவை போகவில்லை. பள்ளிகளின் டெலிமா தளம், அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியு விண்ணப்பம், வருமான வரிக் கணக்கு என எல்லாம் இணையத்தில்தான். போனின் சின்னத் திரையில் நீண்ட கட்டுரை எழுதுவதும், பாரம் நிரப்புவதும் எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மேசைக் கணினியை மலிவாக வாங்கிப் பிள்ளைகளுக்குத் தருவது ஒரு நல்ல வழி. ஆனால் அப்படிப்பட்ட கணினிகள் பெரும்பாலும் அலுவலகத்தில் கேபிளில் ஓடியவை. அவற்றில் வைஃபை வசதி இருக்காது.

அடாப்டர் என்றால் என்ன?

ரவுட்டர் ரேடியோ அலைகளில் பேசுகிறது. அந்த அலைகளைப் பிடிக்கவும், திருப்பிப் பேசவும் கணினிக்கு ஒரு சில்லும் ஆன்டெனாவும் வேண்டும். போனிலும் மடிக்கணினியிலும் அது உள்ளேயே இருக்கிறது. மேசைக் கணினியில் இல்லையென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். அதுதான் அடாப்டர்.

இது வேலை செய்ய இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று, கையில் பிடிக்கிற அந்தப் பொருள். இன்னொன்று, அதை எப்படி இயக்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லித் தரும் 'டிரைவர்' என்ற மென்பொருள். "செருகிட்டேன், ஒன்னுமே நடக்கல" என்றால், சிக்கல் பெரும்பாலும் டிரைவரில்தான் இருக்கும்.

காசு செலவழிக்கும் முன் என்ன செய்யலாம்?

முதலில், கணினியில் ஏற்கெனவே வைஃபை இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறக்கவும். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற பகுதியில் 'வயர்லெஸ்' அல்லது 'வைஃபை' என்ற சொல் இருந்தால், பொருள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். புதுசு வாங்கத் தேவையில்லை.

இரண்டாவது, ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் சாதாரண நெட்வொர்க் கேபிளே போதும். வைஃபையைவிட அது நிலையானது. இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை வேலை செய்யும்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு போனையே அடாப்டராக வைத்துக்கொள்ளலாம். போனை வீட்டு வைஃபையில் இணைத்து, யூஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, போன் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், போன் பிடிக்கும் வைஃபை கணினிக்கும் போகும். மொபைல் டேட்டா செலவாகாமல் இருக்க, அதை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். தினமும் இப்படிச் செய்வது தொல்லைதான். ஆனால் அவசரத்துக்கும், டிரைவரைப் பதிவிறக்கவும் இது கைகொடுக்கும்.

எந்த வகை வாங்குவது?

கடைக்குப் போய் "அண்ணே, வைஃபை யூஎஸ்பி ஒன்னு குடுங்க" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். வகைகள் இவை:

• நகம் அளவு யூஎஸ்பி அடாப்டர்: மலிவு. ஆனால் ஆன்டெனா மிகச் சிறியது. ரவுட்டர் இருக்கும் அதே அறைக்குத்தான் சரிப்படும்.

• வெளி ஆன்டெனா உள்ள யூஎஸ்பி அடாப்டர்: பின் அறைகளுக்கு ஏற்றது. கணினியைக் கழற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

• பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை: கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே பொருத்துவது. வேகமும் நிலைத்தன்மையும் அதிகம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் கடையில் பொருத்திக்கொள்வது நல்லது.

வாங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளையும் அது பிடிக்குமா என்று கேளுங்கள். 2.4 மட்டும் பிடிக்கும் பழைய வகைகள் இன்னமும் விற்கப்படுகின்றன.

மலேசியாவில் விற்கப்படும் கம்பியில்லா சாதனங்களுக்கு 'சிரிம்' சான்றிதழ் வேண்டும். தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரை பெட்டியிலோ பொருளிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மிக மலிவான பொருள்களில் இது இல்லாமல் போகலாம்.

பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

'ஏசி600' என்று போட்டிருந்தால் 600 மெகாபிட் வேகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிய எண்: 2.4-இல் 150, 5-இல் 433. கணினி பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். அதிலும் சுவர், தூரம் எல்லாம் கழித்தால் கையில் கிடைப்பது இன்னும் குறைவு.

யூஎஸ்பி துளையும் முக்கியம். யூஎஸ்பி 2.0-இன் உச்ச வேகமே நொடிக்கு 480 மெகாபிட்தான். வேகமான அடாப்டரைப் பழைய துளையில் செருகினால், கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்காது. அதேபோல, வீட்டு இணையத் திட்டமே 100 மெகாபிட் என்றால், விலை கூடிய அடாப்டர் வாங்கி அதை 500 ஆக்க முடியாது.

பொருத்துவது எப்படி?

1. அடாப்டரைக் கணினியில் செருகி, ஒன்றிரண்டு நிமிடங்கள் காத்திருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுமே பல அடாப்டர்களுக்குத் தாமாகவே டிரைவரைப் போட்டுக்கொள்ளும்.

2. திரையின் வலது மூலையில் வைஃபை சின்னம் வந்தால், வீட்டு வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து ரகசியச் சொல்லைக் கொடுங்கள். வேலை முடிந்தது.

3. வரவில்லை என்றால், 'திஸ் பிசி' பகுதியைத் திறந்து பாருங்கள். சில அடாப்டர்கள் முதலில் சிடி போலத் தோன்றும். அதற்குள்ளேயே டிரைவர் இருக்கும். அதை இயக்கினால் போதும்.

4. அப்படியும் இல்லையென்றால், மேலே சொன்ன மாதிரி போன் மூலம் இணையத்தில் சேர்ந்து, அடாப்டர் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

5. பெயர் தெரியாத அடாப்டராக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு இருக்கும் பொருளைத் திறந்து, 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைப் பாருங்கள். தயாரிப்பாளருக்கும் பொருளுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு ஒவ்வொன்று இருக்கும். உள்ளே எந்தச் சில்லு இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

'இலவச டிரைவர்' விளம்பரங்கள் - கவனம்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டிரைவர் என்று தேடினால், "உங்கள் எல்லா டிரைவர்களையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்" என்று சொல்லும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். டிரைவர் என்பது கணினியின் ஆழத்தில், முழு அனுமதியோடு இயங்கும் மென்பொருள். தெரியாத இடத்திலிருந்து அதை எடுத்துப் போடுவது, தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதே கணினியில் இந்த வேலை வேண்டாம்.

"கனெக்ட் ஆகுது, ஆனா ரொம்ப ஸ்லோ" - என்ன காரணம்?

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் அந்தப் பாதையில் நெரிசல் அதிகம். பக்கத்து வீடுகளின் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே பகுதியில்தான் இருக்கின்றன. வரிசை வீடுகளில் இந்த நெரிசல் இன்னும் கூடுதல். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் செங்கல் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் பலம் இழக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கணினியின் பின்பக்கம் செருகிய அடாப்டருக்கு முன்னால் இரும்புப் பெட்டியும், பின்னால் சுவரும் நிற்கும். குட்டி யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கி, அடாப்டரை மேசை மேல் வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். யூஎஸ்பி 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடைஞ்சல் தரும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருக்கிறது. அதனால் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் அடாப்டரைச் செருகாதீர்கள்.

அடிக்கடி தொடர்பு அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரைத் திறந்து 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதிக்குப் போங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

ரவுட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பு இருக்க வேண்டும். பழைய 'வெப்' முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய அடாப்டர் இணையாமல் போகலாம். அப்போது பாதுகாப்பையே எடுத்துவிடாமல், இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

பழைய கணினி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும். விண்டோஸ் 11 ஏற்காத கணினியில் லினக்ஸ் போடலாம். ஆனால் எல்லா யூஎஸ்பி அடாப்டரும் லினக்ஸில் உடனே வேலை செய்யாது. வாங்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தப்பு அடாப்டரிலா, இணையச் சேவையிலா?

கணினிக்குப் பக்கத்தில் போனை வைத்து, இரண்டிலும் இணைய வேகத்தைச் சோதியுங்கள். போனில் வேகமாகவும் கணினியில் மெதுவாகவும் இருந்தால், அடாப்டரையும் டிரைவரையும் பாருங்கள். இரண்டிலும் மெதுவாக இருந்தால், ரவுட்டருக்குப் பக்கத்தில் போய்ச் சோதியுங்கள். அங்கே வேகம் சரியாக இருந்தால், ரவுட்டர் இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

ரவுட்டரிலேயே கேபிள் போட்டும் மெதுவாக இருந்தால், அது அடாப்டர் விவகாரம் இல்லை. நாள், நேரம், கிடைத்த வேகம் ஆகியவற்றைக் குறித்து வைத்துச் சேவை நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுங்கள். புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்துக்குப் போகலாம்.