கடைக்கு இன்ஸ்டா பேஜ் இருக்கு... சாவி யாரிடம்?

"தம்பி, நம்ம கடைக்கு ஒரு பேஜ் போட்டுடுப்பா!" பல கடைகளின் ஆன்லைன் பயணம் இப்படித்தான் தொடங்குகிறது. அந்தத் தம்பி தன் மொபைல் எண்ணில் பேஜ் தொடங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால்? ஃபாலோயர்கள், ஆர்டர் மெசேஜ்கள் எல்லாம் கையைவிட்டுப் போகலாம்.

என்ன செய்யணும்?

* இன்ஸ்டாகிராம் கணக்கைக் கடையின் எண், மின்னஞ்சலில் தொடங்கி, பிசினஸ் கணக்காக மாற்றுங்கள். கட்டணம் கிடையாது.

* ஃபேஸ்புக் பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு உரிமையாளரிடமே இருக்கட்டும். பதிவிட, பதில் சொல்ல மட்டும் ஊழியருக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

* டூ-ஃபேக்டர் ஆதென்டிகேஷனை ஆன் செய்யுங்கள். 'காப்புரிமை மீறல், பேஜ் நீக்கப்படும்' என்று மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடாதீங்க. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீங்க.

* ஊழியர் விலகினால் அன்றே அனுமதியை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றிடுங்க. கடைச் சாவியை மறக்காம வாங்குறோம்ல, அதே மாதிரிதான்!