இரும்பைச் சுமக்கும் கவுத்தி மலை

திருவண்ணாமலை என்றதும் அண்ணாமலையார் கோயிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும்தான் நினைவுக்கு வரும். அதே ஊருக்கு அருகில் கவுத்தி மலை, வேடியப்பன் மலை என்று இன்னும் இரண்டு மலைகள் உண்டு. இவற்றுக்குள் இருப்பது இரும்புத் தாது!

இந்தத் தாதுவின் பெயர் மேக்னடைட். காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். அருகில் வைத்தால் திசைகாட்டியின் முள்கூடத் தடுமாறும். சேலம் கஞ்சமலையில் இருப்பதும் இதே வகைதான். சுற்றியிருந்த பாறைகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போக, உறுதியான தாது அடுக்குகள் மட்டும் மலையாக நின்றுவிட்டன.

மண் உலை, தோல் துருத்தி, மரக்கரி. இவற்றை மட்டும் வைத்தே தமிழகத்தில் பல தலைமுறைகளாக இரும்பு உருக்கினார்கள். 1830-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலையைத் தொடங்கினார். சேலத்துத் தாது அங்கே போனது. 1853-ல் உருவான ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி, அன்று திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த தென்னாற்காடு மாவட்டத்திலும் ஓர் ஊதுலை அமைத்தது. 1858-லேயே அது அணைந்துவிட்டது. பரங்கிப்பேட்டை ஆலையும் 1860-களோடு முடிந்தது.

தாது தீர்ந்துவிடவில்லை. உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். பக்கத்துக் காடுகள் வெட்டித் தீர்ந்ததால் கரியை வெகுதூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியதானது. செலவு கட்டுப்படியாகவில்லை.

அதே 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் திருச்சி, சேலம், தென்னாற்காடு பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்து பதிவு செய்தார்கள். பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவரும் இந்த ஃபூட்தான்.

பின்னாளில் அரசின் டிட்கோவும் தனியார் உருக்கு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து இந்த மலைகளில் சுரங்கம் அமைக்கத் திட்டமிட்டன. 325 ஹெக்டேர் காடு, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் என்ற கணக்கு வெளிவந்ததும் மலையடிவாரக் கிராமங்கள் கொதித்தெழுந்தன. 2014-ல் எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

பாறை வரைபடத்தில் இந்த மலைகள் வெறும் தாதுப் பட்டைகள். அடிவாரத்து மக்களுக்கோ அவை ஏரியை நிரப்பும் ஓடை, ஆடு மேயும் காடு, வேடியப்பன் குடியிருக்கும் இடம். அன்று இரும்புக்காகக் காட்டை இழந்தோம். பிறகு உலையும் நிலைக்கவில்லை. அடுத்த முறை யாராவது தாதுவுக்கு விலை போடும்போது இந்தப் பழைய கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.