டிரைவுக்குள் இன்னொரு கணினி

கமடோர் 64 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1982-ல். ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 கே.பி. நினைவகம், அவ்வளவுதான் அதன் பலம். ஆனாலும் ஒரு கோடிக்கு மேல் விற்று, ஒரே மாடலில் அதிகம் விற்பனையான வீட்டுக் கணினி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நாற்பது ஆண்டு கடந்தும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைத் துடைத்து, பழுது பார்த்து, ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அதில் சிப் போனால் மாற்றுச் சிப் கிடைக்கிறது. பவர் சப்ளை போனால் புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஃப்ளாப்பி டிரைவ் போனால்தான் தலைவலி தொடங்குகிறது.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது விசித்திரமாக இருக்கும். கமடோரின் 1541 டிரைவில் போடும் ஐந்தேகால் அங்குல வட்டு ஒன்றில் அடங்குவது 1,74,848 பைட். செல்போனில் கிடக்கும் 32 ஜி.பி. மெமரி கார்டில் இப்படி ஒரு லட்சத்து எண்பதாயிரம் வட்டுகளைக் கொட்டிவிடலாம். கார்டை எப்படியாவது கணினியோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். முடியவில்லை. காரணம், 1541 வெறும் சேமிப்புப் பெட்டி அல்ல.

அதைத் திறந்து பார்த்தால் உள்ளே 6502 பிராசஸர் இருக்கும். கமடோர் 64-ல் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்தான். கூடவே 16 கே.பி. ரோம், தனியாக 2 கே.பி. ராம். கோப்பு எந்தத் தடத்தில் இருக்கிறது, எந்த செக்டரில் காலியிடம் இருக்கிறது என்ற கணக்கையெல்லாம் டிரைவே பார்த்துக்கொள்ளும். கணினி 'இந்தப் பெயருள்ள கோப்பைக் கொடு' என்று கேட்டால் போதும். நாம் வாங்கியது கணினியும் டிரைவும் அல்ல, கம்பியால் பேசிக்கொள்ளும் இரண்டு கணினிகள்.

அந்தக் கம்பியில்தான் கோளாறு. கமடோரின் முந்தைய 'பெட்' கணினிகள் எட்டு பிட்களை ஒரே வேளையில் அனுப்பும் இணைப்பைப் பயன்படுத்தின. அதன் கேபிள் விலை அதிகம். செலவில் கறாரான ஜாக் டிராமியலின் நிறுவனம், விக்-20 என்ற மலிவுக் கணினிக்காக ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் எளிய கேபிளுக்கு மாறியது. பிட்களை வரிசையாகத் தள்ளும் வேலையை 6522 என்ற சிப் வன்பொருளிலேயே செய்துவிடும் என்பது திட்டம். அந்தச் சிப்பில் பிழை இருந்தது. வேறு வழியில்லாமல் அந்த வேலையை மென்பொருளின் தலையில் கட்டினார்கள். கமடோர் 64 வந்தபோது அதன் திரைச் சிப் அவ்வப்போது பிராசஸரை நிறுத்தி வைத்ததால், பிட் தவறிப் போகாமலிருக்க இன்னும் நிதானமாக அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் கிடைத்த வேகம் நொடிக்குச் சுமார் 400 பைட். 40 கே.பி. விளையாட்டு ஒன்று திரைக்கு வர ஏறத்தாழ இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அன்றைய புரோகிராமர்கள் அதற்குக் கண்டுபிடித்த மாற்றுவழிதான் இன்று மாற்று டிரைவ் தேடுபவர்களைப் படுத்துகிறது. டிரைவுக்குள் ஒரு பிராசஸர் சும்மா இருக்கிறது. அதற்கு நம் சொந்த நிரலை அனுப்பி ஓட்ட முடியும். எனவே கம்பியின் இரு முனையிலும் தங்கள் நிரலை ஏற்றி, தங்களுக்கென ஒரு வேகமான பேச்சுமுறையை வகுத்துக்கொண்டார்கள். 1984-ல் வந்த எபிக்ஸ் ஃபாஸ்ட்லோடு கார்ட்ரிட்ஜ் இந்த 'வேக ஏற்றி' வகையில் பெயர் பெற்றது. பல விளையாட்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு முறையைத் தங்கள் வட்டிலேயே வைத்தன. நகலெடுப்பதைத் தடுக்க, வட்டில் வேண்டுமென்றே பிழையான செக்டர்களை எழுதி, டிரைவ் அதில் தடுமாறுகிறதா என்று சோதித்த விளையாட்டுகளும் உண்டு. இந்த வித்தை இன்னும் தீரவில்லை: 2021-ல் வெளியான 'ஃப்ரீஸ்பின்' என்ற டெமோ (கணினியின் திறனைக் காட்டவே எழுதும் நிரல்), கமடோர் 64 பக்கத்திலேயே இல்லாமல், தனி 1541 டிரைவின் கேபிளிலிருந்து திரையில் படம் வரவழைத்தது. இசை, டிரைவ் மோட்டாரின் உறுமல்.

ஆக, மாற்று டிரைவ் என்று வரும் எதுவும் கோப்பைக் கொடுத்தால் போதாது. 1541 போலவே நடந்துகொள்ளவும் வேண்டும்.

எஸ்.டி.2.ஐ.இ.சி. என்ற சிறு பலகை இதில் முதல் படி. மெமரி கார்டைச் செருகும் இடமும் ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் கொண்ட இது, கமடோரின் கம்பி மொழியைப் பேசும். பிரபலமான சில வேக ஏற்றிகளை அடையாளம் கண்டு அவற்றுக்குத் தக்கபடி பதில் சொல்லும். ஆனால் அதற்குள் 6502 இல்லை. அனுப்பிய நிரலை ஓட்டத் தெரியாது. அறிமுகமில்லாத ஏற்றி வந்தால் கணினி உறைந்து நின்றுவிடும். அடுத்த படி பை1541: ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையின் நான்கு கோர், 1.2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரை வைத்து, ஒரு மெகாஹெர்ட்ஸ் டிரைவின் ஒவ்வொரு துடிப்பையும் போலச் செய்வது. ஆயிரம் மடங்கு வேகமுள்ள கணினியை இப்படிப் பழைய நடை நடக்க வைப்பது வேடிக்கைதான், ஆனால் வேலை நடக்கிறது. மூன்றாவது, தேவைக்கேற்ப உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் முழு டிரைவையும் மின்சுற்றாகவே மறுபடி கட்டும் 1541 அல்டிமேட் வகைக் கார்ட்ரிட்ஜ்கள். மூன்றில் விலை கூடியதும், ஆகக் குறைவாக ஏமாற்றுவதும் இதுதான். பழைய விளையாட்டை எடுத்து ஆடிப்பார்க்க நினைப்பவருக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும். டெமோக்கள், நகல் தடுப்புள்ள அசல் வட்டுகள் என்று இறங்கினால் அது போதாது.

அசல் 1541-ஐயே பழுது பார்த்து ஓட்டுவோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் எதிர்கொள்வது அதன் புகழ்பெற்ற 'டர்ர்ர்' சத்தம். வட்டின் முதல் தடம் எங்கே என்று உணரும் சென்சார் ஆரம்பகால 1541-ல் இல்லை. வட்டைப் படித்து எழுதும் ஹெட் எங்கே நிற்கிறது என்ற சந்தேகம் வந்தால், அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்த் தடுப்பில் மோத வைக்கும். மோதிய இடம்தான் முதல் தடம். நகல் தடுப்பு விளையாட்டுகள் வேண்டுமென்றே பிழையை உண்டாக்கியபோதெல்லாம் இந்த மோதல் நடந்தது. நாளடைவில் ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டில் இறுக்கிப் பொருத்திய உருளை நழுவி, ஹெட் தடத்திலிருந்து சற்று விலகிவிடும். கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும் வீட்டில் யாருக்கும் குழப்பமில்லை, பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போதுதான் தெரியும். விலகிய டிரைவும் தான் எழுதியதைத் தானே பிசகில்லாமல் படிக்கும், அடுத்த வீட்டு வட்டைப் போட்டால்தான் விழிக்கும்.

எல்லா வீட்டுக் கணினிகளின் டிரைவும் இத்தனை புத்திசாலி அல்ல. 1976-ல் ஆலன் ஷுகர்ட் தொடங்கிய நிறுவனம் முதல் ஐந்தேகால் அங்குல டிரைவை வெளியிட்டபோது அதோடு ஒரு 34 முனை இணைப்பும் வழக்கத்துக்கு வந்தது. மோட்டாரை ஓட்டு, ஹெட்டை ஒரு படி நகர்த்து, படித்த துடிப்பைக் கொடு. இவ்வளவுதான் அந்த இணைப்புக்குத் தெரியும். மூளை முழுக்கக் கணினிப் பக்கம். அமிகா, அடாரி எஸ்.டி., ஆம்ஸ்ட்ராட் எல்லாம் இந்த வழியில் வந்தவை. இவற்றுக்கு மாற்று தேடுவது எளிதாக இருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராட் விஷயத்தில் அது பாதி உண்மை.

பிரிட்டனில் ஆலன் சுகர் நடத்திய ஆம்ஸ்ட்ராட், உலகம் மூன்றரை அங்குல வட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஹிட்டாச்சி, மாட்சுஷிட்டா, மாக்ஸெல் கூட்டின் மூன்று அங்குல வட்டைத் தேர்ந்தெடுத்தது. 1985-ல் வந்த சி.பி.சி. 6128-லும், அச்சுப்பொறியோடு 399 பவுண்டுக்கு விற்று பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் பலரின் முதல் தட்டச்சுக் கணினியான பி.சி.டபிள்யூ. 8256-லும், 1987-ன் ஸ்பெக்ட்ரம் +3-லும் அதே வட்டு. கெட்டியான உறை, ஒரு பக்கத்துக்கு 180 கே.பி., கேசட்டைப் போலத் திருப்பிப் போடலாம். இந்த டிரைவுகளில் வட்டைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட். முப்பது நாற்பது ஆண்டில் பெல்ட் தொய்ந்துவிடும், அல்லது கையில் ஒட்டினால் போகாத கறுப்புக் கூழாகிவிடும். பழைய டேப் ரெக்கார்டரைத் திறந்தவர்களுக்கு இந்தக் கூழ் தெரிந்திருக்கும். புதுப் பெல்ட் வாங்கலாம், சுத்தம் செய்து மாட்டலாம். ஆம்ஸ்ட்ராட்டுக்கு இதுவே மிக மலிவான வைத்தியம். ஹெட் போய்விட்டால் மட்டும் வழியில்லை, இந்த டிரைவை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

அப்போது சாதாரண மூன்றரை அங்குல டிரைவை மாட்டலாம் என்று பலர் துணிகிறார்கள். அங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. மூன்று அங்குல டிரைவின் பவர் இணைப்பில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வழக்கமான டிரைவோடு ஒப்பிட இடம் மாறி இருக்கும். கவனிக்காமல் செருகினால், 5 வோல்ட்டுக்கான சிப்புகளில் 12 வோல்ட் பாயும். புது டிரைவ் அதே நொடியில் பழுது. கம்பியைச் சரியாக மாற்றினாலும் இன்னொன்று பாக்கி. ஆம்ஸ்ட்ராட்டின் 765 கண்ட்ரோலர் சிப் 'தயார்' என்ற சமிக்ஞைக்காகக் காத்திருக்கும். பி.சி.க்காகச் செய்த டிரைவுகள் அதே 34-வது முனையில் 'வட்டை மாற்றியாகிவிட்டது' என்ற வேறு செய்தியை அனுப்பும். ஒரு சின்னக் கம்பியைத் திருத்திப் பற்றவைத்தால் தீரும் பிரச்சினைதான், தெரிந்திருந்தால்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எம்பிராய்டரி இயந்திரம், கடைசல் இயந்திரம், இசை கீபோர்டு எல்லாம் ஃப்ளாப்பியில் டிசைன் ஏற்றிக்கொண்டிருந்த தொழிற்கூடங்களுக்காகச் சீனாவில் செய்யப்பட்டது 'கோடெக்' என்ற பெட்டி. ஃப்ளாப்பி டிரைவின் அளவு, அதே 34 முனை, ஆனால் வட்டு நுழையும் இடத்தில் யு.எஸ்.பி. துளை. பழங்கணினி ஆர்வலர்கள் அதற்குள் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச மென்பொருளை ஏற்றினார்கள். அமிகா, ஆம்ஸ்ட்ராட் எதைக் கேட்டாலும் அதன் காந்தத் துடிப்பு வடிவத்திலேயே பதில் சொல்லப் பழக்கினார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். 1541-க்கு மட்டும் இது உதவாது. அந்த டிரைவ் வெளியுலகோடு 34 முனையில் பேசுவதே இல்லை.

வட்டே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சோனி மூன்றரை அங்குல ஃப்ளாப்பி விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்தியது. இன்று விற்பவை எல்லாம் பழைய இருப்புதான். ஐந்தேகால் அங்குலத்தில் எளிதாகக் கிடைப்பவை பின்னால் வந்த 1.2 எம்.பி. வட்டுகள். அவற்றை 1541-ல் போடக் கூடாது. அந்த டிரைவுக்கான வட்டின் காந்தப் பூச்சைத் திருப்ப சுமார் 300 ஓர்ஸ்டெட் புலம் போதும், 1.2 எம்.பி. வட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். டிரைவ் எழுதியது போலத் தோன்றும், எழுத்து நிற்காது.

டிரைவுக்கு மாற்றாக வரும் இந்த எமுலேட்டர்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் ஒரு வேலையை அவற்றால் செய்ய முடியாது: ஏற்கெனவே எழுதிய பழைய வட்டைப் படிக்க முடியாது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-ல் அமிகா கணினியில் சில படங்கள் வரைந்தார். வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்தினர் அவற்றை மீட்ட செய்தி 2014-ல் வெளியானது. சூப் டப்பாவும் போத்திசெல்லியின் வீனஸும் அந்தப் படங்களில் உண்டு. வட்டைச் சேதப்படுத்தாமல் காந்தத் துடிப்புகளை அப்படியே பதிவுசெய்து, பிறகு யாருக்கும் தெரியாத கோப்பு வடிவத்தை அவிழ்த்து எடுத்தார்கள். இந்த வகைக் கருவிகள் இப்போது வீட்டிலிருந்தே வாங்கக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றின் மறுமுனையில் சுழல்வதற்கு ஓர் உண்மையான டிரைவ் வேண்டும்.

ஆகவே பரணில் பழைய டிரைவ் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். 1541 என்றால் ஹெட்டைச் சரிசெய்ய உடனே திருகைத் தொடவும் வேண்டாம். விலகிய டிரைவ் எழுதிய வட்டுகளை அந்த விலகலோடுதான் அது படிக்கும். சரிசெய்த மறுநிமிடம் அவை படிக்க முடியாமல் போகலாம். முதலில் அந்த வட்டுகளைப் படியெடுங்கள், திருப்புளியைப் பிறகு எடுக்கலாம்.