சாலைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு

ஐப்பசி மழை ஓய்ந்ததும் சின்ன ஊர்களின் கடைத்தெருவில் ஒரே பேச்சுதான்: "ரோடு போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள பேந்து போச்சே!" பேரூராட்சியில் கேட்டால் நெடுஞ்சாலைத் துறையைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். இந்த அலைச்சலுக்கு நடுவே உயிர்கள் போகின்றன. 2013 முதல் 2017 வரை நாடெங்கும் சாலைக் குழிகளால் 14,926 பேர் இறந்ததைச் சுட்டிக்காட்டி, இதை ஏற்கவே முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

முதலில் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குள் பஸ் போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. உள் தெருக்கள் பேரூராட்சிக்கு உரியவை. பக்கத்துக் கிராமத்துக்குப் பிரியும் சாலை ஊராட்சியுடையதாகவோ ஒன்றியத்துடையதாகவோ இருக்கும். கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலையில் உள்ள நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது.

இதற்கெல்லாம் பணம் தருவது நாம்தான். வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி மாநில அரசுக்குப் போகிறது. பெட்ரோல், டீசல் மீதான சாலை மேல்வரி மத்திய அரசுக்குப் போகிறது. பேரூராட்சியின் கையில் நேராக வந்து சேர்வது சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. அதோடு மாநில நிதிக்குழுப் பரிந்துரைப்படி ஒரு பங்கு வரும். சம்பளம், தெருவிளக்குக் கரண்ட் பில், குடிநீர் மோட்டார் செலவு எல்லாம் போக, ஒட்டுப்போட மிஞ்சுவது சொற்பம். புதுச் சாலைக்குத் திட்ட நிதி வரும், பூமி பூஜையும் நடக்கும். ஏற்கெனவே இருக்கும் சாலையைக் காக்கும் வேலையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நோயின் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம். சாலையோர வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஜல்லியை விட்டுத் தார் கழன்றுவிடும். அதன்மேல் லாரிச் சக்கரம் ஏறினால் குழிதான். புரட்டாசிக்குள் வாய்க்காலைத் தூர்வார ஆகும் செலவு, புதுச் சாலைச் செலவில் ஒரு துளி.

"ரோடு போட வீட்டுக்கு இவ்வளவு" என்று யாராவது வசூலுக்கு வந்தால் நிதானமாக இருங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரலாம். அது விருப்பப் பங்களிப்பு, கட்டாயம் கிடையாது. கொடுப்பதாக இருந்தால் அலுவலகத்தில் செலுத்தி ரசீது வாங்குங்கள்.

இனி, போட்ட சாலையின் கணக்கு இருக்கும் எம்-புக் பற்றி. தமிழில் அளவுப் புத்தகம் என்று பெயர். எத்தனை மீட்டர் நீளம், அகலம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் அளந்து இதில் எழுதிய பிறகே காண்டிராக்டருக்குப் பில் தயாராகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் இதன் நகலைக் கேட்கலாம். மதிப்பீடு, பணி ஆணை, காண்டிராக்டர் பழுது பார்த்துத் தரவேண்டிய காலம் எவ்வளவு, அவருடைய டெபாசிட் திருப்பித் தரப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று: சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும் சான்றளித்த பொருள் மாதிரி பெறவும் உரிமை தருகிறது. புத்தகத்தில் எழுதிய கனமும் தெருவில் உள்ள கனமும் ஒன்றா என்று கேட்பது உங்கள் உரிமை. கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால், ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்ந்தது. அந்தக் காலத்துக்குள் விழும் குழியை அடைக்கவேண்டியவர் காண்டிராக்டர்தான்.

பழைய தார் மேலேயே புதுத் தார் கொட்டி, சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிப்போகும் கொடுமையும் உண்டு. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே மறுபடி போடவேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021 மே மாதமே உத்தரவிட்டார். வேலை தொடங்கும் அன்றே அதைச் சொல்லி நிறுத்துங்கள். தார் இறுகிய பிறகு பேசிப் பயனில்லை.

குழியில் விழுந்து அடிபட்டால் அன்றே இடத்தைப் படமெடுத்து, போலீசில் புகார் கொடுத்து, காயச் சான்று வாங்கிவிடுங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, சாலைப் பராமரிப்புத் தரத்தை மீறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கோ காண்டிராக்டருக்கோ ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தத் தொகை அரசின் விபத்து நிதிக்குப் போகும். குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டுமானால் தனியே நீதிமன்றத்தை நாடவேண்டும்.

குழியைப் பற்றிய புகாரை 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துவையுங்கள். கிராமசபையிலோ உங்கள் வார்டின் பகுதி சபையிலோ எழுந்து கேளுங்கள். அடுத்த மழைக்கு முன்னால், உங்கள் தெருச் சாலையின் எம்-புக் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.