நாக்-அவுட்டில் நிலைக்கும் அணி

கல்லூரிக் கூடைப்பந்தில் பருவம் முழுவதும் நன்றாக ஆடும் அணி ஒன்றாக இருக்கும், நாக்-அவுட் தொடரில் கோப்பையைத் தூக்கும் அணி வேறொன்றாக இருக்கும். காரணம் எளிய கணக்கு. எந்த எதிரணியையும் நூற்றுக்கு எண்பது முறை வெல்லக்கூடிய ஓர் அணி, அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களை வெல்வதற்கான வாய்ப்பு 33 சதவீதம்தான். தொடரிலேயே சிறந்த அணி மூன்றில் இரண்டு முறை வெறுங்கையோடு ஊர் திரும்பும்.

புதுவைப் பல்கலைக்கழக அணி களமிறங்கும் தென்மண்டலப் போட்டி இந்தக் கடுமையைச் சற்றுத் தணிக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கீழ் நடக்கும் அத்தொடரில் நாக்-அவுட் சுற்றுகளைத் தாண்டிவரும் நான்கு அணிகள் கடைசியில் லீக் முறையில் மோதுகின்றன. அங்கே ஒரு தோல்வியை ஈடுகட்டலாம். அந்த நால்வரில் ஒருவராகும் வரை ஈடுகட்ட வழியில்லை.

அமெரிக்காவின் என்.சி.ஏ.ஏ. தொடரில் கடைசி வரை நாக்-அவுட்தான். 68 அணிகள், 67 ஆட்டங்கள். 2018இல் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா, தன் பிரிவில் கடைசி இடமான 16ஆவது இடத்தில் இருந்த மேரிலாந்து பால்டிமோர் கவுன்ட்டி அணியிடம் 54-74 என்று தோற்றது. ஆடவர் தொடரில் 16ஆவது இடத்து அணி முதலிடத்து அணியை வீழ்த்தியது அதுவே முதல் தடவை. இடைவேளையின்போது இரு அணிகளும் 21 புள்ளிகளில் சமமாக இருந்தன. மூன்று புள்ளி எறிதலில் வென்ற அணி 24க்கு 12 போட்டது. வர்ஜீனியா 22க்கு 4. இதில் மட்டும் 24 புள்ளி வித்தியாசம். தோல்வியின் அளவோ 20தான்.

மூன்று புள்ளி எறிதல் என்பது அப்படிப்பட்ட சரக்கு. 35 சதவீதம் போடும் ஓர் அணி 20 முறை எறிந்தால் சராசரியாக 7 விழும். ஆனால் ஒருநாள் 5, இன்னொரு நாள் 9 என்பது முற்றிலும் இயல்பான ஏற்ற இறக்கம். புள்ளியில் சொன்னால் 15க்கும் 27க்கும் இடைப்பட்ட ஊசலாட்டம். வர்ஜீனியாவிடம் இன்னொரு பலவீனமும் இருந்தது. நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் அது ஒன்று. பந்து கைமாறும் தடவைகள் குறையக் குறையத் திறமை வித்தியாசம் வெளிப்பட இடமில்லாமல் போகிறது. அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. பலவீனமான அணி ஆட்டத்தை இழுத்தடிப்பது புத்திசாலித்தனம். பலமான அணி அதைச் செய்வது வலியப் போய்ச் சூதாடுவது. (அதே வர்ஜீனியா அடுத்த ஆண்டே கோப்பையை வென்றது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.)

கூடைப்பந்துப் புள்ளியியலில் பெயர்பெற்ற டீன் ஆலிவர், வெற்றியைத் தீர்மானிப்பவை நான்கு என்றார்: எறிதலின் துல்லியம், பந்தைப் பறிகொடுக்காமை, ரீபவுண்டு, ஃப்ரீ த்ரோ. முதலாவதுக்கே அவர் அதிக எடை கொடுத்தார். ஆனால் தொடர் ஆட்டத்தில் மற்ற மூன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எறிதல் ஒருநாள் கைவிடும். எதிராளியை முதுகால் தடுத்து ரீபவுண்டுக்கு இடம்பிடிக்கும் பழக்கம் அவ்வளவு சுலபமாகக் கைவிடாது.

பந்தைப் பறிப்பதையே முதல் ஆயுதமாக்கியவர் யு.சி.எல்.ஏ. பயிற்சியாளர் ஜான் வூடன். 1964இல் அவருடைய முதல் ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவருமில்லை. இருந்தும் ஆடுகளம் முழுக்க நெருக்கும் பிரஸ் முறையால் 30 ஆட்டங்களில் முப்பதையும் அந்த அணி வென்றது. பறித்த பந்து பெரும்பாலும் லே-அப்பில் முடியும்; அங்கே ஊசலாட்டத்துக்கு வேலையில்லை. அடுத்தடுத்த நாளில் ஆட்டம் என்றால் எதிரணிக்கு இப்படியொரு முறையை எதிர்கொள்ளப் பழகவும் நேரம் கிடைக்காது.

பிரஸ் ஆட ஐவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். புதுவைக்குச் சிக்கல் இங்கேதான். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற வரைபடத்தில் காரைக்கால் சோழநாட்டுக் கடற்கரையிலும், மாஹே கேரளத்திலும், யானம் கோதாவரிக் கழிமுகத்திலும் கிடக்கின்றன. இந்த ஊர்க் கல்லூரிகள் எல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அந்தமான் கல்லூரிகளும் உண்டு. பல கல்லூரிகளிலிருந்து செலக்‌ஷனில் தேறியவர்கள் கேம்ப்பில்தான் ஓர் அணியாகிறார்கள். எஸ்.ஆர்.எம். போன்ற பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர்களோ ஒரே வளாகத்தில் படித்து, ஒரே களத்தில் ஆண்டு முழுக்க ஆடுகிறார்கள். திறமை சமமாக இருந்தாலும் இந்தப் பழக்க வித்தியாசம் நான்காவது குவார்ட்டரில் தெரிந்துவிடும். கேம்ப் நாள்கள் குறைவென்றால் பத்து வகைத் தாக்குதலைச் சொல்லிக்கொடுப்பதைவிட, ஒரே ஒரு தடுப்பாட்ட முறையைத் தூக்கத்திலும் ஆடும்படி பழக்குவதே பலன் தரும்.

தொடரின் பிற்பகுதியில் களைப்பு பேசத் தொடங்குகிறது. வளையத்தின் விட்டம் 45 செ.மீ.; பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து 45 பாகைக் கோணத்தில் இறங்கினால் அதன் பார்வையில் வளையம் 32 செ.மீ. திறந்திருக்கும், 35 பாகையில் இறங்கினால் 26 செ.மீ.தான். கால் சோர்ந்தவர் எறியும் பந்து தட்டையாகப் போகும், வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பும். உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் வியர்வையாகப் போனாலே ஆட்டம் தளரத் தொடங்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர். புதுவைக் கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவு வியர்வை சிந்த அதிக நேரம் ஆகாது.

தசைகளில் தீர்ந்த கிளைகோஜன் மீண்டும் நிறைய, அரிசிச் சோறும் வாழைப்பழமும் போல மாவுச்சத்து தாராளமாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். மறுநாளே ஆட்டம் இருக்கும்போது அந்த அவகாசம் முதல் ஐவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே 12 பேர் பட்டியலில் எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரரின் தரம் பெரிய வேலை செய்கிறது. ஐந்து ஃபவுல் வாங்கினால் வெளியேற வேண்டிய ஆட்டம் என்பதாலும் பெஞ்ச் கனமாக இருக்க வேண்டும். முதல் சுற்றில் 25 புள்ளி முன்னிலை பெற்ற பிறகும் முதல் ஐவரையே களத்தில் வைத்திருக்கும் பயிற்சியாளர், அரையிறுதிக்குரிய கால்களை அன்றைக்கே செலவழித்துவிடுகிறார்.